பழைய கார் வாங்கிய பின் வரும் கோளாறுகள்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

கைமாறி வந்த காரை வாங்கியவருக்கு, வண்டி வீட்டுக்கு வந்த சில வாரங்களுக்குள் ஏதேனும் ஒரு கோளாறு தலைகாட்டுவது இயல்புதான். முந்தைய உரிமையாளர் அந்தக் காரின் குறைகளோடு பழகி, எந்த வேகத்தில் எந்தக் கியரில் ஓட்டினால் சத்தம் வராது என்று அறிந்து ஓட்டியிருப்பார். புதியவர் வேறு விதமாக ஓட்டத் தொடங்கியதும் மறைந்திருந்தவை வெளியே வருகின்றன. கடலூர், புதுச்சேரிப் பகுதிகளில் இதனோடு உப்புக்காற்றும் வெள்ளமும் சேர்ந்துகொள்கின்றன. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல், 2015 இறுதியில் பெருமழை, 2020 நவம்பரில் நிவர் புயல் என்று இந்தக் கரை தொடர்ந்து நனைந்திருக்கிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் தென்பெண்ணையில் பெருகி, கடலூரின் கரையோர ஊர்களுக்குள் புகுந்தது. அந்த ஆண்டுகளில் இங்கு ஓடிய ஒரு காரை வாங்கியிருந்தால், அது தண்ணீரில் நின்றதா என்ற கேள்வியை எந்தக் கோளாறைத் தேடும்போதும் மனத்தின் ஒரு மூலையில் வைத்திருக்க வேண்டும்.

எந்த அறிகுறி தோன்றினாலும், அது எப்போது வருகிறது என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். இஞ்சின் குளிர்ந்திருக்கும்போதா சூடான பிறகா, நிற்கும்போதா ஓடும்போதா, மழை பெய்த மறுநாள் மட்டுமா, ஏசி போட்டால் மட்டுமா என்ற விவரங்களோடு போனால், ஒர்க்‌ஷாப்பில் வேலை பாதியாகக் குறையும். "வண்டி சரியில்லை" என்று மட்டும் சொல்லி விட்டுவிட்டு வந்தால், மெக்கானிக் ஊகத்தில் ஒவ்வொரு பாகமாக மாற்றுவார். ஊகத்துக்கான செலவு உங்களுடையது.

சில அறிகுறிகளுக்கு மட்டும் இந்த நிதானம் பொருந்தாது. ஓடும்போது ஆயில் அழுத்தத்துக்கான சிவப்பு விளக்கு எரிதல், வெப்பமானி சிவப்பைத் தொடுதல், பிரேக் பெடல் தரைவரை இறங்குதல், பெட்ரோல் வாடை, வயர் கருகும் வாடை ஆகியவற்றில் எது வந்தாலும் ஓரமாக நிறுத்தி இஞ்சினை அணைத்துவிட்டு, வண்டியைக் கட்டி இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்வதே முறை. வீடு பக்கத்தில்தானே இருக்கிறது என்று ஓட்டிய இரண்டு கிலோமீட்டரில் ஓர் இஞ்சின் முழுவதும் போய்விடக்கூடும்.

செல்ஃப் எடுக்கவில்லை

சாவியைத் திருப்பினால் "டிக்" என்ற ஒலியோடு நின்றுவிடுகிறது, அல்லது ஒலியே இல்லை. பேட்டரி வாங்கக் கிளம்பும் முன் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பிப் பாருங்கள். விளக்கு மங்கி அணைந்தால் பேட்டரியிலோ அதன் இணைப்புகளிலோ குறை இருக்கிறது. விளக்கு பளிச்சென்று அப்படியே எரிந்துகொண்டு இஞ்சின் மட்டும் அசையாமல் இருந்தால் ரிலே, சாவி சுவிட்ச், செல்ஃப் மோட்டார் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அதற்கும் முன், கிளட்சை முழுவதும் மிதித்தீர்களா என்று பார்த்துக்கொள்வது நல்லது. பல கார்களில் கிளட்ச் மிதிக்காமல் செல்ஃப் சுற்றாது; ஆட்டோமேட்டிக் கார்களில் கியர் 'பி' அல்லது 'என்' நிலையில் இருந்தாக வேண்டும். புதிதாக வாங்கியவர் இதை அறியாமல் வண்டியை இழுக்க ஆள் கூப்பிடுவது சிரிப்புக்குரியதன்று; அந்தக் காரின் கையேட்டை யாரும் அவரிடம் கொடுத்திருக்க மாட்டார்கள்.

பேட்டரிப் பக்கம் என்று தெரிந்தால் ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். இரவு முழுவதும் நின்ற காரில் நல்ல பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்ட வேண்டும், 12.2க்குக் கீழே இருந்தால் சார்ஜ் பாதியாகிவிட்டது என்று பொருள். இஞ்சின் ஓடும்போது, பெரும்பாலான கார்களில், 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். ஓடும்போதும் அளவு ஏறவில்லை என்றால், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்நேட்டரோ அதன் பெல்ட்டோதான் குற்றவாளி. புதுப் பேட்டரி போட்டாலும் சில நாள்களில் அதுவும் படுத்துவிடும்.

பேட்டரி நன்றாக இருந்தும் செல்ஃப் இழுக்கத் திணறினால், கடற்கரைப் பகுதிகளில் நான் முதலில் சந்தேகிப்பது எர்த் இணைப்பை. பேட்டரியின் நெகட்டிவிலிருந்து பாடிக்கும், பாடியிலிருந்து இஞ்சினுக்கும் செல்லும் பட்டையான வயர்கள் போல்ட் போடும் இடத்தில் உப்புக்காற்றால் அரித்து, வெளியே பார்க்க முழுமையாகவும் உள்ளே துருவாகவும் இருக்கும். சோதனை எளிது: மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை இஞ்சினின் வெறும் உலோகத்திலும் வைத்து, வேறொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பழுது. ஜம்பர் கேபிள் ஒன்றைப் பேட்டரி நெகட்டிவிலிருந்து நேராக இஞ்சின் உலோகத்துக்குக் கொடுத்துப் பார்க்கும்போது செல்ஃப் சுறுசுறுப்பாகச் சுற்றினால் ஐயமே வேண்டாம். போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாள் கொண்டு உலோகம் மின்னும்வரை தேய்த்து, இறுக்கிய பின் வாசலின் பூசினால் செலவு ஏறக்குறைய இல்லை. இதைப் பார்க்காமல் செல்ஃப் மோட்டாரைக் கழற்றுவது வீண் வேலை.

செல்ஃப் சுற்றுகிறது, இஞ்சின் பிடிக்கவில்லை

மீட்டர் பலகையில் சாவி அல்லது பூட்டுப் படம் போட்ட விளக்கு மினுக்கினால், திருட்டைத் தடுக்கும் மின்பூட்டான இம்மொபிலைசர் சாவியை ஏற்கவில்லை. விற்றவர் கொடுத்த இரண்டாவது சாவி, கதவை மட்டும் திறக்கும்படி வெட்டப்பட்ட நகலாக இருக்கலாம். மற்றொரு சாவியால் முயன்று பாருங்கள். அந்த விளக்கு இயல்பாக அணைந்தால், பெட்ரோல் காரில் சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்பியவுடன் பின் சீட்டின் பக்கத்திலிருந்து ஓரிரு நொடி மெல்லிய ரீங்காரம் கேட்கிறதா என்று கவனியுங்கள். அது பெட்ரோல் பம்ப்பின் ஒலி. கேட்கவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, பம்ப் என்ற வரிசையில் போங்கள். மாதக்கணக்கில் நின்றிருந்த காராக இருந்தால் டேங்கிலுள்ள பெட்ரோலையே சந்தேகிக்கலாம். இப்போது விற்கப்படும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுப்பதால், தண்ணீர் மிகுந்துவிட்டால் இரண்டும் சேர்ந்து அடியில் தனியாகப் படிந்து, பம்ப் முதலில் அதைத்தான் உறிஞ்சும். டீசல் காரில் ஃபில்டரின் அடியிலுள்ள திருகைத் திறந்து தேங்கிய நீரை வடித்துவிட்டு, கைப்பம்ப்பால் காற்றை வெளியேற்றிப் பாருங்கள்.

வயல்வெளியை ஒட்டியோ கீற்றுக் கொட்டகையிலோ நின்ற கார்களில் எலி கடித்த வயரும் அடிக்கடி அகப்படும். பானெட்டைத் திறந்தவுடன் எலிப்புழுக்கை தெரிந்தால் மற்ற ஆராய்ச்சிகளைத் தள்ளிவைத்துவிட்டு வயர்களைப் பாருங்கள்.

இஞ்சின் சூடாகிறது

பழைய காரில் அதிகச் செலவு வைப்பது இதுதான் என்பதால் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். முதல் விதி: சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. அழுத்தத்தில் அடைபட்டிருப்பதால், இஞ்சினைக் குளிர்விக்கும் நீர்மமான கூலன்ட் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திறந்த கணத்தில் அது கொதித்துப் பீறிட்டு முகத்திலும் கையிலும் அடிக்கும். வழியில் வெப்பமானியின் முள் ஏறத் தொடங்கினால், ஏசியை அணைத்து, ஹீட்டரை முழு அளவில் வைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். குறைந்தது அரை மணி நேரம் ஆறட்டும்.

எப்போது சூடாகிறது என்பதுதான் இங்கே முக்கியத் துப்பு. புதுச்சேரியிலிருந்து கடலூருக்குப் போகும் சாலையே இதற்கு நல்ல சோதனைக்களம். முதலியார்பேட்டை, மரப்பாலம் நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது முள் ஏறி, தவளக்குப்பம் தாண்டி 60, 70 வேகம் எடுத்ததும் இறங்கிவிட்டால், ஓடும் காற்று செய்யும் வேலையை நிற்கும்போது மின்விசிறி செய்யவில்லை என்று பொருள். விசிறி மோட்டார், அதன் ரிலே, வெப்ப சென்சார், ரேடியேட்டரின் முன்பக்கம் அடைத்திருக்கும் தூசி ஆகியவற்றைப் பாருங்கள். நெரிசலில் சரியாக இருந்து, கன்னியக்கோயில் பக்கம் வேகமாக ஓடும்போது ஏறினால், கூலன்ட் போதிய அளவில் சுற்றவில்லை. ரேடியேட்டரின் உள்ளே அடைப்பு, வெப்பத்துக்கேற்பக் கூலன்ட்டின் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் பாதி திறந்த நிலையில் சிக்கியிருத்தல், வாட்டர் பம்ப் ஆகியவை அப்போது பட்டியலில் முன்னே வரும்.

கூலன்ட் ஊற்ற வேண்டிய இடத்தில் போர்வெல் தண்ணீர் ஊற்றும் பழக்கம் பல ஒர்க்‌ஷாப்களில் உண்டு. கடலோர நிலத்தடி நீரின் உப்பும் கடினத்தன்மையும் ரேடியேட்டரின் நுண்குழாய்களில் படிவாக ஒட்டி, அலுமினியப் பாகங்களை அரிக்கின்றன. இஞ்சின் முழுவதும் ஆறியபின் கூலன்ட் தொட்டியைப் பாருங்கள்: பச்சை, சிவப்பு, நீலம் என்று தெளிவான நிறம் இருக்க வேண்டும். செங்காவி நிறத்தில் கலங்கியிருந்தால் வண்டி தண்ணீரில்தான் ஓடியிருக்கிறது. முழுவதும் வடித்து, கழுவி, கையேட்டில் சொன்ன கூலன்ட்டை டிஸ்டில்டு வாட்டருடன் கலந்து நிரப்ப வேண்டும். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: கழுவிய சில நாள்களில் எங்காவது ஒழுகத் தொடங்கினால் கழுவியவரைக் குறை சொல்லாதீர்கள். அரித்த ஓட்டையை அதுவரை அடைத்துக்கொண்டிருந்த படிவு போய்விட்டது, அவ்வளவே.

விற்பதற்காகச் செய்யப்பட்ட மறைப்பு வேலைகள் இந்தப் பகுதியில்தான் அதிகம். சாவியைப் போட்டவுடன், குளிர்ந்த இஞ்சினிலேயே, ஏசி போடாமல் விசிறி சுற்றினால், அதைச் சென்சாரிலிருந்து விலக்கி நேரடியாக இணைத்திருக்கலாம். நீண்ட நேரம் ஓடியும் முள் நடுவுக்கு வராமல் கீழேயே கிடந்தால், "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதற்கு" என்று யாரோ தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்திருக்கலாம். பெரும்பாலான இஞ்சின்கள் 90 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் வேலை செய்ய வடிவமைக்கப்பட்டவை. அதற்குக் கீழே ஓடினால் எரிபொருள் கூடுதலாகச் செலவாகும், தேய்மானமும் மிகும். வெயில் எவ்வளவு அடித்தாலும் தெர்மோஸ்டாட் இருந்தாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வெளியே எங்கும் ஒழுகாமல் கூலன்ட் குறைந்துகொண்டே போனால் இஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் அடிப்பகுதிக்கும் இடையே அடைக்கும் ஹெட் கேஸ்கட்டை ஐயுற வேண்டும். ஆயில் மூடியின் உட்புறம் பாலாடை போன்ற படிவு, தொட்டியில் ஓயாத குமிழிகள், குளிர்ந்த இஞ்சினைத் தொடங்கிய உடனேயே கல்போல் இறுகும் மேல் ஹோஸ், நிற்காத வெண்புகை ஆகியவற்றில் இரண்டு ஒன்றாகத் தெரிந்தால் அதற்குமேல் ஓட்டாதீர்கள். ஹெட்டைக் கழற்றினால் லேத்தில் கொடுத்து அதன் மட்டம் பார்த்த பிறகே மூட வேண்டும். கேஸ்கட்டை மட்டும் மாற்றி மூடினால் அதே வேலை திரும்ப வரும்.

புகையும் ஆயிலும்

நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. காலையில் தொடங்கும்போது ஒருமுறை வந்து மறைந்தால் வால்வு சீல். ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங். டர்போ உள்ள டீசலில் டர்போவின் சீலும் காரணமாகலாம். கரும்புகை என்றால் எரிபொருள் மிகுதி, காற்று குறைவு. ஏர் ஃபில்டரில் தொடங்கி, டீசலில் புகையின் ஒரு பகுதியை இஞ்சினுக்கே திருப்பியனுப்பும் ஈஜிஆர் வால்வு, இன்ஜெக்டர் என்று போகலாம். மார்கழிக் காலையில் சைலன்சரிலிருந்து சில நிமிடம் வரும் மெல்லிய வெண்ணிற ஆவியைப் பொருட்படுத்த வேண்டாம்.

வாங்கியபோது அமைதியாக இருந்த இஞ்சின், முதல் ஆயில் மாற்றத்துக்குப் பின் புகையும் சத்தமும் காட்டினால், முன்பு தடித்த ஆயில் ஊற்றி மறைத்திருக்கக்கூடும். மீண்டும் தடித்த ஆயிலுக்கே போவது தீர்வாகாது. கம்ப்ரெஷன் டெஸ்ட் செய்து, சிலிண்டர்களுக்கிடையே வேறுபாடு எவ்வளவு என்று பார்த்த பிறகு முடிவெடுங்கள். 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டருக்குள் குடித்தால், அளவைப் பார்த்து ஊற்றிக்கொண்டு ஓட்டலாம் என்பேன்.

அறிகுறியே தராத ஒன்றும் இருக்கிறது. டைமிங் பெல்ட் உள்ள இஞ்சினில் அது எப்போது மாற்றப்பட்டது என்பதற்குப் பில் இல்லை என்றால், மாற்றப்படவில்லை என்றே கொள்ளுங்கள். அறுந்தால் பல இஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்.

மஞ்சள் இஞ்சின் விளக்கு

2010க்குப் பின் வந்த பெரும்பாலான கார்களில் ஸ்டியரிங்கின் கீழே, காரின் கணினியோடு ஸ்கேனரை இணைக்கும் ஓபிடி போர்ட் இருக்கும். சிறிய ஸ்கேனர் ஒன்றைச் செருகினால் 'கோடு', அதாவது கோளாறைக் குறிக்கும் குறியீட்டு எண், தெரியும். பி0300 என்றால் மிஸ்ஸிங் (சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாமல் போவது), பி0420 என்றால் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் திறன் குறைவு. கோடு காட்டுவது கோளாறு தென்பட்ட இடத்தையே. எந்தப் பாகத்தை வாங்க வேண்டும் என்பதை அது சொல்லாது. ஆக்ஸிஜன் சென்சார் கோடு வந்தால், சென்சார் கெட்டதா, சைலன்சர் இணைப்பில் காற்று கசிகிறதா, கனெக்டரில் பச்சைத்துரு படிந்ததா என்று பிரித்தறிவது மெக்கானிக்கின் வேலை.

விளக்கு எரியாத காரிலும் ஸ்கேனர் ஒரு செய்தியைத் தரும். கார் தன்னைத்தானே சோதித்து முடித்ததா என்று காட்டும் ரெடினஸ் மானிட்டர் என்ற பகுதியில் பலவும் "முடியவில்லை" என்று இருந்தால், அண்மையில் கோடுகளை அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். விற்பனைக்கு முந்தைய நாள் அழிக்கப்பட்ட விளக்கு, நீங்கள் ஓட்டத் தொடங்கிய சில நாள்களில் தானாகவே திரும்பி வரும். சாவியை 'ஆன்' நிலையில் வைக்கும்போது அந்த விளக்கு ஒருமுறையாவது எரிகிறதா என்பதையும் பாருங்கள். எரியவே இல்லையெனில் பல்பையே எடுத்திருக்கலாம்.

பிரேக்

மழையில் நனைந்து, அல்லது கடற்கரைப் பக்கம் இரண்டு நாள் நின்று, எடுத்தவுடன் டிஸ்க்கில் உரசும் சத்தம் வந்தால் மேல்துருதான். சில பிரேக்குகளில் போய்விடும். போகாமல் உலோகம் உரசுவதுபோல் தொடர்ந்தால் பேட் தீர்ந்துவிட்டது. பெடலை இரண்டு மூன்று முறை மிதித்தால்தான் பிடிக்கிறது என்றால் குழாயில் காற்று இருக்கிறது, அல்லது பின் சக்கர லைனிங் தளர்ந்திருக்கிறது. மிதித்துப் பிடித்திருக்கும்போதே பெடல் மெல்ல இறங்கினால், வெளியே கசிவு இல்லாத நிலையில், மாஸ்டர் சிலிண்டர். பெடல் கட்டைபோல் இருந்தால், மிதிப்பதை இலகுவாக்கும் பூஸ்டரைச் சோதியுங்கள்: இஞ்சினை அணைத்துப் பலமுறை மிதித்து, மிதித்த காலை எடுக்காமல் இஞ்சினைத் தொடங்கினால் பெடல் சற்று கீழிறங்க வேண்டும், இறங்காவிட்டால் பூஸ்டரோ அதன் வேக்குவம் ஹோஸோ பழுது.

வண்டி ஒரு பக்கம் இழுத்து, ஓட்டி நிறுத்திய பின் ஒரு சக்கரத்தின் அருகில் மட்டும் அனல் அடித்தால் காலிப்பரின் பின்கள் துருவேறிச் சிக்கியிருக்கின்றன. உப்புக்காற்றில் இது சாதாரணமாக வருவது. கழற்றிச் சுத்தம் செய்து அதற்குரிய கிரீஸ் போட்டால் பெரும்பாலும் தீரும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் என்பதால், எப்போது மாற்றியது என்று தெரியாத காரில் வாங்கியவுடனேயே மாற்றிவிடுங்கள்.

நடுக்கமும் சத்தமும்

80 முதல் 100 வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கினால் வீல் பேலன்சிங். பிரேக் மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க். வண்டி ஒரு பக்கம் இழுத்தால் அலைன்மென்ட்டுக்கு முன் முன்சக்கரங்களை இடம் மாற்றிப் பாருங்கள், ஒரே திசைக்கென்று குறியிட்ட டயராக இல்லாதவரை; இழுப்பும் திசை மாறினால் குறை டயரில். டயரின் பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்க எண் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் காட்டும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பட்டன் (தரையைப் பற்றும் புடைப்பு) நன்றாக இருந்தும் ஆறேழு ஆண்டு கடந்த டயரை நான் நம்புவதில்லை.

வேகத்தடையில் "டக்" என்று அடித்தால் லிங்க் ராட், லோயர் ஆர்ம் புஷ், ஷாக் அப்சார்பரின் மேல் மவுன்ட். ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்துத் திரும்பும்போது "கட கட" என்றால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட். அதன் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கும். வேகத்தோடு கூடும் ஊளைச் சத்தம், வண்டியை வலமாக வளைக்கும்போது மிகுந்தால் பெரும்பாலும் இடப்பக்க வீல் பேரிங்.

கிளட்ச் பற்றி ஒரே சோதனை: நான்காம் கியரில் 50 வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை முழுவதும் அழுத்துங்கள். ஆர்பிஎம் தாவி, வேகம் ஏறாவிட்டால் பிளேட் தீர்ந்தது. ஓடோமீட்டர் குறைந்த கிலோமீட்டரைக் காட்டும் காரில் பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தால் அந்த எண்ணை நம்ப வேண்டாம்.

உள்ளே ஈரம், மாறி மாறி வரும் மின்கோளாறு

ஏசி போட்டு ஓட்டியபின் முன்பக்கத் தரைவிரிப்பு நனைந்தால் ஏசியின் வடிகுழாய் அடைத்திருக்கும். மழைக்குப் பின் மட்டும் நனைந்தால் முன்கண்ணாடியின் கீழுள்ள வடிகாலில் வேப்பிலைச் சருகு சேர்ந்திருக்கும், அல்லது கதவின் ரப்பர் கிழிந்திருக்கும். ஈரம் பிசுபிசுத்து இனிப்பு வாடை அடித்தால் அது ஹீட்டரிலிருந்து ஒழுகும் கூலன்ட்.

இவை எதுவும் இல்லாமல் பூஞ்சை வாடை போகவில்லை, இன்று பவர் விண்டோ வேலை செய்கிறது நாளை செய்யவில்லை, ஒரு நாள் ஏபிஎஸ் விளக்கு ஒரு நாள் ஏர்பேக் விளக்கு என்று வந்தால், வெள்ளத்தில் நின்ற கார் என்ற ஐயம் வலுக்கிறது. சீட் பெல்ட்டை அதன் முழு நீளத்துக்கும் இழுத்து, கடைசிப் பகுதியில் மண்கறை இருக்கிறதா என்று பாருங்கள். அந்த இடத்தைக் கழுவ யாருக்கும் தோன்றுவதில்லை. சீட்டின் அடியிலுள்ள ஸ்பிரிங்குகளின் துரு, ஸ்டெப்னி குழியின் மூலைகளில் வண்டல், தரைவிரிப்பின் அடியிலுள்ள பஞ்சில் ஈரம், ஹெட்லைட்டின் உள்ளே நீர்க்கோடு, டேஷ்போர்டின் கீழே கனெக்டர்களில் பச்சைத்துரு என்று தேடுங்கள். இரண்டு மூன்று சான்று கிடைத்தால், கோளாறு காட்டும் பாகத்தை மட்டும் மாற்றிக்கொண்டே போவதில் பயன் இல்லை. தரைவிரிப்பை முழுவதும் எடுத்து வெயிலில் உலர்த்தி, தரையில் ஓடும் வயர்க்கட்டைத் திறந்து, ஒவ்வொரு கனெக்டராகக் கழற்றி, கான்டாக்ட் கிளீனர் அடித்து, பழுதான முனைகளை மாற்றித் தரக்கூடிய ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் வண்டியைச் சில நாள் விட வேண்டும். அதற்கு அவர் சொல்லும் தொகையைக் கேட்டபின், சான்றுகளைப் படமெடுத்துக்கொண்டு விற்றவரிடம் பேசுவதா, செலவழித்து வைத்துக்கொள்வதா என்று முடிவெடுக்கலாம். பேசுவதாக இருந்தால் எதையும் கழற்றுவதற்கு முன் பேசிவிடுங்கள்.

நீங்களே சீட்டைத் தூக்கிப் பார்ப்பதாக இருந்தால், அதன் அடியிலுள்ள மஞ்சள் கனெக்டர்கள் ஏர்பேக்குக்கும் சீட் பெல்ட்டை இறுக்கும் பொறிக்கும் உரியவை என்பதை நினைவில் வையுங்கள். சாவியை எடுத்து, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, கையேட்டில் குறித்த நேரம் காத்திருந்த பிறகே அவற்றைத் தொட வேண்டும். அவற்றில் மீட்டரின் முனையை வைத்துச் சோதிப்பது எந்த நிலையிலும் கூடாது.